உதறல் யாருக்கு?

கிருபானந்தத்துக்கு ஐம்பத்து மூன்று வயதானபோதுதான் முதல்முறையாக ஒருவர் அவருடைய கையைப் பற்றிக் குறை சொன்னார். சொன்னவருக்குத் தமிழ் தெரியாது. ஷூ வாங்குவதற்காக இத்தாலியிலிருந்து வந்தவர். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் கிருபானந்தம் ஓட்டிய காரில் ஏறி ஆம்பூரில் இறங்கும்வரை பின்சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். இறங்கியதும் மேனேஜர் முனீர் அகமதுவின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். மேனேஜர் திரும்பி கிருபானந்தத்தின் கைகளைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

இது நடந்தது 2003 பிப்ரவரியில்.

அப்பாவின் கைகளைப் போலத் தன் கைகளும் ஆகிவிடக் கூடாது என்றுதான் கிருபானந்தம் வண்டித் தொழிலுக்கே வந்தார். அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்தவர். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, சோற்றைப் பிசையும்போது முகம் சுளிப்பார். அதைப் பார்த்து வளர்ந்தவர், பேரணாம்பட்டிலிருந்து சென்னைக்குத் தோல் ஏற்றும் லாரியில் தொற்றிக்கொண்டு, இருபது வயதில் லைசென்ஸ் எடுத்தார். பத்து வருடம் லாரி. பிறகு ஆம்பூரில் தோலும் ஷூவும் செய்யும் ஒரு கம்பெனியில் முதலாளியின் அம்பாசிடர். கழிவுநீர் வழக்கில் கோர்ட் உத்தரவால் தோல் ஷாப்புகளுக்குப் பூட்டு விழுந்த தொண்ணூற்றாறில், எந்த வேளையில் யாரை எங்கே கொண்டுபோகச் சொன்னாலும் கொண்டுபோனார். அத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட வண்டியைக் கொண்டுபோய் எதிலும் முட்டியதில்லை.

அவரிடம் இரண்டு குணங்கள் இருந்தன. தெரியாததைத் தெரியும் என்று சொல்லமாட்டார். தெரிந்ததைத் தெரியாது என்றும் சொல்லமாட்டார். முதல் குணத்தால் நல்ல பேர் வந்தது. இரண்டாவதால் வம்பு வந்தது.

வம்புக்குக் காரணம் ஒரு வெள்ளைக் கார். அதற்கு முந்தின டிசம்பரில் கம்பெனி அம்பாசிடரை ஓரம் கட்டிவிட்டு, சென்னையில் யாரோ நாலு வருடம் ஓட்டிக் கழித்த அந்தக் காரை வாங்கிவந்தது. ஏ.சி. இருந்தது, பவர் ஸ்டியரிங் இருந்தது, கெஸ்டுகள் முன்னால் மானம் போகாத அளவுக்குப் பளபளப்பு இருந்தது. முதல் வாரமே கிருபானந்தம் டிரான்ஸ்போர்ட் பார்க்கும் கிளார்க்கிடம் போய்ச் சொன்னார்.

"ஸ்டியரிங் உதறுது. பிரேக்குல கால வெச்சா பெடல் திருப்பி உதைக்குது. காட்டணும்."

வேலூரில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார்கள். மெக்கானிக் ஏறி இரண்டு தெரு சுற்றிவிட்டு வந்து இறங்கினான்.

"ஒண்ணும் இல்லையே பெரியவரே."

"நாப்பதுல ஒண்ணும் இருக்காதுப்பா. எண்பத்தஞ்சுல ஓட்டிப் பாரு."

"இந்த டிராஃபிக்ல எண்பத்தஞ்சுக்கு நான் எங்க போவேன்?" என்று சிரித்துவிட்டு, குறை ஒன்றுமில்லை என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான். அந்தச் சீட்டு கம்பெனி ஃபைலில் போய் உட்கார்ந்தது.

இத்தாலிக்காரர் சொல்லிவிட்டுப் போன மறுநாள் காலை முனீர் அகமது கிருபானந்தத்தைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. பேரணாம்பட்டுக்காரர், குரலை உயர்த்தாமல் பேசுகிறவர், ரம்ஜானுக்கு எல்லா டிரைவர்கள் வீட்டுக்கும் தன் கையால் பிரியாணி கொண்டுபோய்க் கொடுக்கிறவர். அதனாலேயே அவரிடம் சண்டை போடுவது கஷ்டம்.

"உக்காருங்க கிருபானந்தம்."

"நிக்கிறேன் சார்."

"கெஸ்ட் பயந்துட்டாரு. வழியெல்லாம் உங்க கை நடுங்குச்சாம். வயசாவுது, தப்பில்ல. எங்க வாப்பாவுக்கும் இருந்துச்சு."

"நடுங்குனது ஸ்டியரிங் சார். என் கை அத புடிச்சிட்டு இருந்துச்சு, அவ்வளவுதான்."

முனீர் அகமது ஃபைலைத் திறந்து அந்தச் சீட்டை எடுத்தார். "வண்டிக்கு ஒண்ணுமில்லன்னு ஒர்க்‌ஷாப்ல எழுதிக் குடுத்திருக்காங்க. வண்டிக்கு ஒண்ணுமில்லன்னா பாக்கி யாரு?"

பிறகு ஒரு தாளை நகர்த்தினார். உடல்நிலை காரணமாக டிரைவர் வேலையை விட்டுக் கேட் டியூட்டிக்கு மாறச் சம்மதம் என்று தட்டச்சு செய்திருந்தது. கீழே பேர் எழுதிக் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"சம்பளம் கம்மியாவாது. நிழல்ல நாற்காலி. ரோட்ல பேஜார் இல்ல."

"கையெழுத்துப் போடமாட்டேன் சார்."

"ஏன்?"

"என் உடம்புக்கு ஒண்ணுமில்ல. இல்லாதத இருக்குன்னு எப்படி எழுதிக் குடுப்பேன்?"

முனீர் அகமது பெருமூச்சு விட்டார். டாக்டர் சர்டிபிகேட் கொண்டுவரட்டும், அதுவரை வண்டியை இன்னொரு டிரைவரான தானியேல் ஓட்டட்டும், கிருபானந்தம் கேட்டில் இருக்கட்டும் என்றார். கிருபானந்தம் சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். கேட்டுக்குப் போனார். நிழலில் நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் உட்காரவில்லை. உட்கார்ந்தால் அந்த வேலையை ஒத்துக்கொண்ட மாதிரி. காலை எட்டரைக்கு நின்றவர் சாயங்காலம் சங்கு ஊதும்வரை நின்றார். தையல் பிரிவுப் பெண்கள் வெளியே போகும்போது காலியாக இருந்த நாற்காலியையும் அதன் பக்கத்தில் விறைப்பாக நின்றவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

அவருடைய மனைவி இன்பம் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இருபத்தாறு வருடம் வார்டு பார்த்தவர். நடந்ததைக் கேட்டுவிட்டுக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்தார்.

"ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க. விரல விரிங்க."

தாளை விரல்களின்மேல் வைத்தார். தாளின் ஓரம் லேசாகத் துடித்தது.

"ஃபேன் காத்து" என்றார் கிருபானந்தம்.

இன்பம் ஃபேனை அணைத்தார். றெக்கை நிற்கும்வரை இரண்டு பேரும் காத்திருந்தார்கள். நின்றபிறகும் தாளின் ஓரம் துடித்தது. அதிகமில்லை. கூர்ந்து பார்த்தால் மட்டும் தெரிகிற அளவு.

"இருக்குது" என்றார் இன்பம். "கொஞ்சம். டீ டம்ளர் புடிக்கிறப்ப நானே பாத்திருக்கேன்."

"ஏன் சொல்லல?"

"சொல்ற அளவுக்கு இல்ல."

கிருபானந்தம் கைகளை மடியில் போட்டுக்கொண்டார். காலையிலிருந்து கோபம் மட்டுமே இருந்த இடத்தில் இப்போது பயம் வந்து உட்கார்ந்தது. மேனேஜர் சொன்னது உண்மையாக இருந்தால்? தன் உதறலை வண்டியின் தலையில் கட்டிவிட்டு அலைகிறோமா?

இன்பம் விடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். "வார்டுல கேக்குற மாதிரி கேக்குறேன். பதில் சொல்லுங்க. அம்பாசிடர்ல இது இருந்துச்சா?"

"இல்ல."

"வெள்ளக் கார்ல எப்பவும் இருக்குதா?"

"இல்ல. எண்பது தாண்டுனாதான் வரும். எண்பத்தஞ்சுல ஜாஸ்தி. நூறுக்கு மேல போனா அடங்கிடும்."

இன்பம் அவரையே பார்த்தார். "உங்க கைக்கு ஸ்பீடாமீட்டர் படிக்கத் தெரியுமா?"

கிருபானந்தத்துக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டார். அன்றைக்கு அதுதான் முதல் சிரிப்பு.

"சரி, அந்தப் பெடல்?"

"அது வேற. எந்த ஸ்பீடுல இருந்தாலும் பிரேக்க மிதிச்சாதான் வருது. கால எடுத்தா போயிடுது."

"அப்ப வண்டிக்கு ரெண்டு நோவு. ரெண்டையும் ஒண்ணா போட்டுக் குழப்பாதீங்க."

மறுநாளே டாக்டரிடம் காட்டினார்கள். மூக்கைத் தொடச் சொன்னார், கோடு போடச் சொன்னார், நடக்கச் சொன்னார். லேசான நடுக்கம் உண்டு, இந்த வயதில் பலருக்கும் இருப்பதுதான், வண்டி ஓட்டத் தடையில்லை என்று எழுதிக் கொடுத்தார். முனீர் அகமது படித்துவிட்டு விரலை முதல் வரியிலேயே வைத்தார்.

"நடுக்கம்னு எழுதியிருக்காரே."

"அதுக்கப்பறம் ரெண்டு வரி இருக்குது சார்."

"பாக்கலாம்" என்று சொல்லிச் சர்டிபிகேட்டையும் ஃபைலில் வைத்துக்கொண்டார். கிருபானந்தம் திரும்ப வந்து கேட்டில் நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, சர்ச் காம்பவுண்டில் தானியேல் அவரைத் தேடி வந்தான். முப்பத்தைந்து வயது, இரண்டு பெண் குழந்தைகள். கிருபானந்தத்தின் முகத்தைப் பார்க்கவே கூசினான்.

"அண்ணே, எனக்கும் உதறுது. நீங்க சொன்னது அப்படியே."

"மேனேஜர்கிட்ட சொன்னியா?"

"எப்படிண்ணே சொல்றது? சொன்னா எனக்கும் கை நடுங்குதுன்னு இன்னொரு நாற்காலி போடுவாங்க."

கிருபானந்தத்துக்குச் சுருக்கென்றது. ஆனாலும் திட்டவில்லை. பயந்தவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது? வேறு ஒன்று கேட்டார்.

"சரி, நீ வாயத் தொறக்க வேணாம். நான் சொல்றத மட்டும் செஞ்சு பாரு. எண்பத்தஞ்சுல உதறுறப்ப கியர நியூட்ரலுக்குத் தள்ளு. உதறல் நிக்குதா, அப்படியே இருக்குதான்னு பாரு."

புதன்கிழமை கேட்டைக் கடக்கும்போது தானியேல் கண்ணாடியை இறக்கிச் சொன்னான்: "நிக்கலண்ணே. இன்ஜினுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"ரோடு காலியா இருக்குறப்ப, அறுபதுல ஹேண்ட் பிரேக்க மெதுவா இழுத்துப் பாரு. கால் பிரேக்கத் தொடாத."

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. "ஹேண்ட் பிரேக்குல சத்தமே இல்லண்ணே. கால் பிரேக்குலதான் உதைக்குது."

ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். அதில் சுத்தமாக இருக்கிறது என்றால், பெடலை உதைக்கும் கோளாறு முன்சக்கரத்து பிரேக்கில். எண்பத்தைந்தில் வரும் உதறல் இன்ஜினால் இல்லை என்றால், அது சுற்றுகிற சக்கரத்தில். வண்டியைத் தொடாமலே, கேட்டில் நின்றபடியே, கிருபானந்தம் இரண்டு நோவையும் இடம் கண்டுபிடித்துவிட்டார். இனி நிரூபிக்க வேண்டும். அதற்கு வண்டி வேண்டும்.

கேட்டில் நிற்க ஆரம்பித்த பதினோராம் நாள் காலை பத்து மணிக்கு முனீர் அகமது வேலூருக்குக் கிளம்பினார். தானியேல் காரைக் கேட்டுக்கு முன்னால் கொண்டுவந்து ஹாரன் அடித்தான். கேட் திறக்கவில்லை. மறுபடி அடித்தான். கிருபானந்தம் கம்பிக் கதவுக்கு நடுவில் வந்து நின்றுகொண்டார்.

மேனேஜர் கண்ணாடியை இறக்கினார். "இன்னா கிருபானந்தம், தொறங்க."

"தொறக்கமாட்டேன் சார்."

"இன்னா?"

"கேட்டுல நிக்குறவன் வேலை, போகக் கூடாதது வெளிய போவாம பாத்துக்கறது. இந்த வண்டில ரெண்டு ரிப்பேர் இருக்குது. அதுல ஒண்ணு பிரேக்கு. இது வெளிய போவக் கூடாது."

உள்ளேயிருந்து இரண்டு சூப்பர்வைசர்கள் ஓடிவந்தார்கள். தோல் ஏற்றிய லாரி ஒன்று பின்னால் வந்து நின்று ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. முனீர் அகமதுவின் காது சிவந்தது. ஆனாலும் குரல் உயரவில்லை.

"வேல போயிடும், தெரியுமில்ல?"

"போவட்டும் சார். இருபத்திரண்டு வருஷமா உங்க எல்லாரையும் ஏத்திட்டுப் போன கை இது. கைல நோவுன்னு எழுதி அனுப்பறதா இருந்தா, இந்த வண்டில என்கூட அரை மணி நேரம் உக்காந்து பாத்துட்டு எழுதுங்க. பாக்காம எழுத உடமாட்டேன்."

லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். முனீர் அகமது திரும்பி லாரியைப் பார்த்தார். பிறகு தானியேலைப் பார்த்து இறங்கச் சொன்னார். பின்சீட்டிலிருந்து தானும் இறங்கி, முன்சீட்டில் வந்து உட்கார்ந்தார்.

கிருபானந்தம் கேட்டைத் திறந்துவிட்டு வந்து ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தார்.

மாதனூர் தாண்டியதும் ரோடு நேராகப் போகும். இரண்டு பக்கமும் புளியமரங்கள். எதிரில் வந்த ஒரு பஸ் கடந்துபோனதும் கண்ணுக்கு எட்டியவரை காலி. கிருபானந்தம் மிதித்தார். எழுபது. எண்பது. எண்பத்தைந்தில் ஸ்டியரிங் உதற ஆரம்பித்தது. பிடித்திருந்த கைகள் மணிக்கட்டுவரை நடுங்கின. முனீர் அகமது அதைப் பார்த்தார். இத்தாலிக்காரர் பார்த்ததும் இதைத்தான்.

"பாத்துக்குங்க சார்" என்று சொல்லிவிட்டு கிருபானந்தம் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"யா அல்லா!" முனீர் அகமது டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார்.

யாரும் தொடாத ஸ்டியரிங், குளிர்ஜுரம் வந்தவனைப் போல நடுநடுங்கிக்கொண்டே இருந்தது. கார் நேராகத்தான் போனது. மடியில் இருந்த கைகள் அசையவில்லை.

"இப்ப யாருக்கு சார் உதறல்?"

முனீர் அகமது வலது கையை மெதுவாக நீட்டி ஸ்டியரிங்கைத் தொட்டார். அவர் கையும் நடுங்கியது. கிருபானந்தம் திரும்பப் பிடித்துக்கொண்டு, பிரேக்கை மிதித்தார். பெடல் காலைத் திருப்பி உதைத்தது. கார் குலுங்கிக் குலுங்கி வேகம் குறைந்தது. "இது இன்னொண்ணு" என்றார்.

பள்ளிகொண்டாவில் டயர்க்கடை ஒன்றில் நிறுத்தி, முன்சக்கரம் இரண்டையும் பின்னால் மாட்டச் சொன்னார், பின்சக்கரங்களை முன்னால். இருபது நிமிடம் ஆனது. முனீர் அகமது கடை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வேலூருக்குப் போகவேண்டிய வேலையை அவர் மறந்தேவிட்டார். திரும்பவும் ரோட்டில் ஏறி எண்பத்தைந்தைத் தொட்டதும் ஸ்டியரிங் துளியும் உதறாமல் நின்றது. ஆனால் முனீர் அகமது நெளிந்தார். சீட்டுக்கு அடியில் என்னவோ உறுமியது. இடுப்பு நடுங்கியது.

"இன்னா இது, கீழ?"

"சக்கரம் பின்னால போச்சு, உதறலும் பின்னால போச்சு. என் கைய உட்டுட்டு உங்க சீட்டுக்கு வந்துடுச்சு சார்."

முனீர் அகமதுவுக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. கடைசியில் சிரித்துவிட்டார்.

வேலூரில் வீல் பேலன்ஸிங் கடையில் மாட்டிச் சுற்றியதும் விஷயம் வெட்டவெளிச்சமாயிற்று. ஒரு சக்கரத்தின் ரிம், வெளியே தெரியாதபடி உள்பக்கம் வளைந்திருந்தது. எந்தப் பள்ளத்தில் எப்போது விழுந்ததோ, சென்னைக்காரர்களுக்குத்தான் வெளிச்சம். ரிம்மை மாற்றி நாலு சக்கரத்திலும் எடை சமமாக ஈயக்கட்டி ஒட்டி அனுப்பினார்கள். ஆம்பூர்வரை ஸ்டியரிங் அசையவில்லை. சாவி திரும்ப கிருபானந்தத்தின் பைக்கு வந்தது. தானியேல் வந்து கையைப் பிடித்துக்கொண்டான். கதை இத்தோடு முடிந்திருந்தால் எல்லாருக்கும் நிம்மதி.

அடுத்த வாரம் இன்னொரு கெஸ்டைக் கூட்டிவர மீனம்பாக்கம் போகச் சொன்னார்கள்.

"போவமாட்டேன் சார்" என்றார் கிருபானந்தம்.

முனீர் அகமது நிமிர்ந்தார். "இப்ப இன்னா?"

"பெடல் இன்னும் உதைக்குது. பிரேக்கு சரியில்லாத வண்டில ஆள ஏத்தமாட்டேன்."

"ஸ்டியரிங்தான் சரியாயிடுச்சுல்ல?"

"அது ஒரு நோவு. இது வேற நோவு. அன்னிக்கே சொன்னேன்."

"உங்களுக்கு எதுலயும் திருப்தி வராதா?"

"பிரேக்குல வராது சார்."

ஒர்க்‌ஷாப்புக்கு ஃபோன் போட்டார்கள். பழைய வண்டியென்றால் பெடல் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும் என்று பதில் வந்தது. அந்தப் பதிலை எழுதிக்கொண்டு கிளார்க் வெற்றிக்களையோடு வந்தான். கிருபானந்தம் அவனிடம் பேசவில்லை. நேராகத் தோல் ஷாப் பக்கம் போய் ஃபிட்டர் அஹமது பாஷாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

தோலை ஒரே கனத்துக்குச் சீவும் மெஷினில் கத்தி பதித்த உருளை ஒன்று உண்டு. அது மயிரிழை கோணிச் சுற்றினாலும் தோல் வீணாகும். கோணுகிறதா என்று பார்க்க பாஷாவிடம் ஒரு கருவி இருந்தது. கைக்கடிகாரம் மாதிரி முகம், நடுவில் ஒரு முள். டயல் கேஜ் என்பார்கள். அதை இரும்புத் தாங்கியில் பொருத்தி, காரின் முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, உள்ளே இருந்த பிரேக் டிஸ்க்கின்மேல் அதன் முனையை வைத்தார். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டுதான் டிஸ்க். பிரேக் மிதித்தால் இரண்டு பக்கமும் கட்டைகள் வந்து அதைக் கவ்வும்.

இடது பக்க டிஸ்க்கைக் கையால் மெதுவாகச் சுற்றினார்கள். முள் அசைந்தும் அசையாமலும் நின்றது. வலது பக்கத்துக்கு வந்தார்கள். டிஸ்க் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் முள் ஓடிப்போய்த் திரும்பி வந்தது. சுற்றியிருந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள். முனீர் அகமதுவும் குனிந்தார்.

"மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு கோணிச்சுன்னாலே நான் உருளையக் கழட்டிக் கீழ போட்டுடுவேன்" என்றார் பாஷா. "இது மூணு பங்கு. சூட்டோட தண்ணி அடிச்சுக் கழுவிட்டாங்களோ இன்னாவோ. கிருபா தோஸ்த் கால் பொய் சொல்லல சாப்."

இரண்டு டிஸ்க்கும் புதிதாக வாங்கிப் போட்டார்கள். கெஸ்டைக் கூட்டிவர அன்றைக்கு வாடகைக் கார் போயிற்று.

புது டிஸ்க் போட்ட மறுநாள் கிருபானந்தம் தானாகவே மேனேஜர் அறைக்குப் போனார். முனீர் அகமது எழுந்து நின்று கை கொடுத்தார். "நம்ம மேலதான் தப்பு" என்றார். கிருபானந்தம் கையைக் குலுக்கிவிட்டு அங்கேயே நின்றார்.

"இன்னும் ஏதாவது இருக்குதா?"

"ஃபைல்ல இருக்குது சார். என் பேர்ல."

"அந்த லெட்டர்ல நீங்கதான் கையெழுத்தே போடலையே."

"கையெழுத்து இல்ல. பேரு இருக்குது. நாளைக்கு நீங்க வேற கம்பெனிக்குப் போயிடுவீங்க. புதுசா வர்றவரு தொறந்து பாப்பாரு. அதுல எழுதுங்க."

முனீர் அகமது பேனாவை எடுத்தார். இங்கிலீஷில் எழுத ஆரம்பித்தவரை கிருபானந்தம் நிறுத்தினார். "எனக்குப் படிக்கத் தெரிஞ்ச மாதிரி எழுதுங்க சார்." மேனேஜர் உருதுப் பள்ளியில் படித்தவர். தமிழ் பேசுவாரே தவிர எழுதிப் பழக்கமில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகப் போட்டார். 'நடுக்கம் வண்டியில். டிரைவர் கையில் இல்லை.' கொம்பும் காலும் இடம் மாறியிருந்தன.

கிருபானந்தம் படித்தார். "ரெண்டாவது வரி முழுசா உண்மையில்ல சார். கைல கொஞ்சம் இருக்குது, டாக்டரு எழுதியிருக்காரு. 'வண்டி ஓட்டத் தடையில்லை'ன்னு போடுங்க."

முனீர் அகமது மறுபடி பேனாவை எடுத்தார். பிறகு அந்த வரியை அடித்துவிட்டு அவர் சொன்னபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இந்தச் செய்தி கம்பெனியில் எந்த வழியாகப் பரவியது என்று தெரியாது. ஒரு மாதம் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில், தையல் பிரிவிலிருந்து அமிர்தவள்ளி என்ற பெண் அவரைத் தேடிக்கொண்டு கார் ஷெட்டுக்கு வந்தாள். தோலின் ஓரத்தைச் சீவி மெல்லிசாக்கும் மெஷினில் வேலை செய்கிறவள். ஓரம் மேடும் பள்ளமுமாக வருகிறது, உனக்குக் கை நிலையில்லை என்று சூப்பர்வைசர் அவளைப் பசை தடவும் மேஜைக்குத் தள்ளியிருந்தான்.

"மெஷின்தாண்ணே அதிருது. சொன்னா காதுல வாங்க மாட்டேங்குறாரு."

"எனக்கு அந்த மெஷின் தெரியாதும்மா" என்றார் கிருபானந்தம். "எப்ப அதிருது?"

"வேகமா உட்டா."

"மெதுவா உட்டா?"

"இல்ல."

"வேற யாராவது உக்காந்து சீவுனாங்களா?"

"சீவுனாங்க. அவங்களுக்கும் அதேதான். ஆனா அவங்க சொல்லமாட்டாங்க."

கிருபானந்தம் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு எழுந்தார். போகிற வழியில் பாஷாவையும் கூப்பிட்டுக்கொண்டார். மெஷினைப் பிரித்தபோது உள்ளே பேரிங் தேய்ந்திருந்தது. அமிர்தவள்ளி தன் இடத்துக்குத் திரும்பினாள். டிரான்ஸ்போர்ட் கிளார்க்கும் சூப்பர்வைசரும் சேர்ந்துகொண்டு, இந்த டிரைவர் ஊர் வம்பையெல்லாம் விலைக்கு வாங்குகிறான் என்று பேசினார்கள். அந்த வருடம் அவருக்கு வரவேண்டிய சீனியர் டிரைவர் பதவி வரவில்லை. அதற்கு அடுத்த வருடமும் வரவில்லை. ஏன் என்று எழுத்தில் கேட்டார். பதில் இல்லை. மூன்றாவது வருடமும் கேட்டார். பதவி வந்தது.

2008-ல் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகு பழைய கார் வாங்குகிறவர்கள் அவரை வீட்டுக்கே வந்து கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். டீச்சர்கள், நர்ஸுகள், வாழ்க்கையிலேயே முதன்முதலாகக் கார் வாங்கத் துணிந்தவர்கள். அவர் பானெட்டைத் திறக்கமாட்டார். ஏறி உட்கார்ந்து, ரோட்டுக்குப் போகலாம் என்பார்.

வேலூரில் ஒரு புரோக்கர், ஆஸ்பத்திரியில் இன்பத்தோடு வேலை செய்த எப்சி என்ற நர்ஸுக்கு ஒரு சிவப்புக் கார் காட்டினான். கிருபானந்தம் ஓட்டிப் பார்த்தார். எழுபதில் ஸ்டியரிங் ஆடியது.

"ரோடு சரியில்ல பெரியவரே" என்றான் புரோக்கர் பின்சீட்டிலிருந்து. "அதான் ஆடுது."

"அப்படியா?"

"ஆமா. இங்க எல்லா வண்டியும் ஆடும்."

கிருபானந்தம் காரைத் திருப்பி, காட்பாடிப் பக்கம் புதிதாகத் தார் போட்ட ரோட்டில் ஏற்றினார்.

"வா, வேற ரோடு பாக்கலாம். இதுலயும் ஆடுச்சுன்னா இன்னொரு ரோடு பாக்கலாம். எனக்கு இன்னிக்கு வேற வேல இல்ல."